அத்தியாயம் 7: சோற்றைக் குறைத்து, தொட்டுக்கொள்வதைக் கூட்டி

அடிபடுவதற்கு முந்தின நாள் அவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டுத்தான் நான் எந்த வீட்டிலும் பேச்சைத் தொடங்குவேன். பதில் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். விடிகாலையில் ஒரு டீ, ஒன்பது மணிக்குப் பழைய சோறு, மதியம் குழம்பு ஊற்றிக் குவித்த சோறு, இரவும் சோறு. காய் கொஞ்சம். மீன் கிடைத்த அன்று மீன். நாற்றுக்கட்டு சுமந்து, சேற்றில் நடந்து, நெல் மூட்டை தூக்கிய உடம்புக்கு அந்தச் சோறு வேண்டியிருந்தது. கடும் உழைப்பு உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு 3,470 கலோரி தேவை என்று ஐ.சி.எம்.ஆரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டிருக்கிறது. உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது 2,110.

பிறகு ஒரு நாள் அவர் தென்னையிலிருந்து விழுகிறார். அல்லது வைக்கோல் பாரத்தின் மேலிருந்து சரிகிறார். அல்லது இருட்டில் பைக் எதன்மீதோ மோதுகிறது. தண்டுவடம் அடிபடுகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து வீட்டுக்கு வரும்போது அவருடைய உடம்பு வேறு. தொடையிலும் இடுப்பிலும் இருந்த தசை கரைந்திருக்கிறது. தசைதான் சோற்றை எரிக்கும் அடுப்பு. அடுப்பு சிறுத்துவிட்டது. ஆனால் பாசத்தோடு வீட்டார் வைக்கும் தட்டு மட்டும் பழைய தட்டாகவே இருக்கிறது. இந்த அத்தியாயம் அந்தத் தட்டைப் பற்றியது.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். உடல்நிலை நிலைப்பட்ட பிறகு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தவருக்கு எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 28 கலோரியும், கழுத்தில் அடிபட்டு கைகால் நான்கும் செயலிழந்தவருக்கு ஏறத்தாழ 23 கலோரியும் போதும். 60 கிலோ எடையுள்ளவர் என்றால் முன்னவருக்கு 1,680, பின்னவருக்கு 1,380. இனி அரிசிக்கு வாருங்கள். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரியும் 7, 8 கிராம் புரதமும் உண்டு. உழைத்த காலத்தில் சாப்பிட்டதுபோல நாளுக்கு 400 கிராம் அரிசி வடித்துப் போட்டால் 1,400 கலோரி ஆகிவிடும். கழுத்தில் அடிபட்டவரின் ஒரு நாள் கணக்கு அங்கேயே முடிந்தது. புரதமோ 30 கிராம்தான் வந்திருக்கும். புண் ஏதும் இல்லாதவருக்கே கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம் வரை, அதாவது 48 முதல் 60 கிராம் வேண்டும். படுக்கைப்புண் இருந்தால் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம், அதாவது 75 முதல் 90 கிராம்.

வயிறு நிறைந்திருக்கும், தொப்பை விழுந்திருக்கும், புண் மட்டும் ஆறாது. இதை நான் பார்க்காத மாதம் இல்லை. கொழுத்தும் வாடியும் ஒரே உடம்பு இருக்க முடியும் என்பதை வீட்டார் நம்பவே நாளாகிறது.

முதல் சில வாரங்கள்

மேலே சொன்ன கணக்கு அடிபட்ட உடனே பொருந்தாது. முதல் சில நாட்களில் குடலே அசைவற்றுப் போகலாம். வயிறு உப்பும். அப்போது எப்போது, எதைக் கொடுப்பது என்பது மருத்துவர்கள் கையில் இருக்கிறது. அந்த வாரங்களில் எவ்வளவு கொடுத்தாலும் தசை கரைவதை முழுவதும் நிறுத்த முடியாது. அதனால் ‘கண்ணெதிரே இளைக்கிறானே’ என்று ஹார்லிக்ஸும் சர்க்கரையும் கரைத்துக் கரைத்து ஊற்ற வேண்டாம்.

கழுத்தில் அறுவை நடந்தவர்களுக்கும் தொண்டையில் துளை போட்டவர்களுக்கும் விழுங்குவது சரிப்பட நாளாகலாம். தண்ணீர் குடித்ததும் இருமல், குரலில் கரகரப்பு, சாப்பிட்ட பிறகு மூச்சிரைப்பு இருந்தால் வாய்வழி கொடுப்பதை நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். மூக்கு டியூப்போடு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: டியூப்பில் இறங்க வேண்டும் என்பதற்காக நீர்த்த அரிசிக் கஞ்சியை மட்டும் ஊற்றுவது பட்டினி போடுவதற்குச் சமம். பாசிப்பருப்பை நன்றாக வேகவைத்து அரைத்து வடிகட்டியது, பால், கொஞ்சம் எண்ணெய் எல்லாம் அதில் சேர வேண்டும். அளவையும் விகிதத்தையும் ஆஸ்பத்திரி உணவியலாளரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். தலைமாடு உயர்ந்திருக்கட்டும். ஒரு தடவைக்கு 200, 250 மில்லிக்கு மேல் வேண்டாம். கொடுத்து முடித்த பின் குறைந்தது அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். கடைசியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு டியூப்பைக் கழுவிவிடுங்கள்.

பத்தியம் என்னும் பெயரில்

இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. பத்தியம் வைக்கும் மாமியார்களும் அம்மாக்களும் அன்பினால்தான் வைக்கிறார்கள். ‘பருப்பு போட்டா சீழ் வச்சிரும்மா.’ ‘மீனு கரப்பான்.’ ‘முட்டை சூடு.’ ‘தயிர் குளிர்ச்சி, சளி கட்டும்.’ ‘கத்தரிக்கா அரிக்கும்.’ ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? ரசம் சோறு. சுட்ட அப்பளம். இட்லிக்குச் சர்க்கரை. புட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணோடு கிடக்கும் ஒருவருக்கு ஆறு மாதம் ரசம் சோறு கொடுத்த வீடுகள் உண்டு.

சித்த மருத்துவத்தில் பத்தியம் என்பது ஒரு குறிப்பிட்ட மருந்தோடு, குறிப்பிட்ட நாட்களுக்குச் சொல்லப்படுவது. மருந்து முடிந்தால் மறுபத்தியம் பார்த்துவிட்டுப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். நம் வீடுகளில் மருந்து போய்விட்டது, பத்தியம் மட்டும் காலவரையறை இல்லாமல் தங்கிவிட்டது.

சீழ் என்பது கிருமியால் வருவது. பருப்பால் வருவதில்லை. புண்ணின் அடியில் புதிதாகச் சிவப்புச் சதை வளர வேண்டுமென்றால் அது புரதத்தால்தான் வளர வேண்டும். அதோடு பெரிய புண்ணிலிருந்து தினமும் வடியும் நீரிலேயே புரதம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. வரவை நிறுத்திவிட்டுச் செலவை மட்டும் நடத்தினால் எந்தக் குடும்பம் தாங்கும்? யாருக்காவது ஒரு குறிப்பிட்ட மீனோ இறாலோ சாப்பிட்டால் உண்மையிலேயே தடிப்பு, அரிப்பு வருகிறது என்றால் அந்த ஒன்றை மட்டும் விலக்குங்கள். மற்றவற்றைக் கொடுங்கள்.

1944 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் தண்டுவடப் பிரிவைத் தொடங்கும்வரை, தண்டுவடம் அடிபட்டவர்கள் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றது தண்டுவடம் அறுந்தது அல்ல. படுக்கைப்புண்ணும் சிறுநீர்க் கிருமியும்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பது, சிறுநீர்ப்பையைச் சுத்தமாகக் காப்பது என்ற இரண்டு வேலைகளை அவர் விடாப்பிடியாகச் செய்ய வைத்ததில் அந்தக் கதை மாறியது. திருப்பிப் படுக்க வைப்பதற்கு ஈடாக எந்த உணவும் கிடையாது. இதையும் சொல்லிவிட வேண்டும். முட்டையும் மீனும் கொடுத்துவிட்டு ஒரே பக்கம் கிடத்தினால் புண் ஆறாது. ஆனால் ஒழுங்காகத் திருப்பியும் ஆறவில்லை என்றால், தட்டைப் பாருங்கள்.

புண்ணுக்கு என்று மருந்துக்கடையில் ஜிங்க், வைட்டமின் சி மாத்திரைகளை மாதக்கணக்கில் வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். குறைபாடு இருந்தால் மருத்துவர் கொடுப்பார். இல்லாமலே அதிக ஜிங்க்கை நெடுநாள் எடுத்தால் உடம்பில் தாமிரச்சத்து குறையும், ரத்தசோகை கூடும். அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கலாம். வைட்டமின் சிக்கு ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ போதும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமும் பீடியும் புண்ணுக்கு நேர் எதிரி. ரத்த ஓட்டத்தைச் சுருக்கிவிடும்.

புரதம் நம் வயலிலேயே இருக்கிறது

‘இதெல்லாம் வசதியுள்ளவங்களுக்குங்க’ என்பார்கள். டெல்டாவில் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை என்பது என் துணிந்த கருத்து. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே ஈரத்தில் உளுந்தையும் பயறையும் விதைக்கிறோம். நெல் அறுத்த தாளுக்கு நடுவில், பனி ஈரத்திலேயே அது வளர்ந்து காய்க்கிறது. ஆடுதுறையில் 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இந்த நெல் தரிசுக்கென்றே உளுந்து ரகங்களைக் கொடுத்திருக்கிறது. ஆடுதுறை 3 உளுந்தைத் தெரியாத விவசாயி இங்கே யார்? 100 கிராம் உளுந்திலும் பயறிலும் 22 முதல் 24 கிராம் புரதம். அரிசியைப்போல மூன்று மடங்கு. அதை மூட்டை கட்டி விற்றுவிட்டு, வீட்டில் அடிபட்டவருக்கு ரசம் சோறு போடுகிறோம். விற்கும் முன் அவருக்கென்று ஒரு தவலையில் எடுத்து வைத்துவிடுங்கள். மாதம் இரண்டரை கிலோ போதும்.

உளுந்தங்களி, தோலுளுந்துக் கஞ்சி, முளைகட்டிய பயறுச் சுண்டல், பாசிப்பயறுக் குழம்பு எல்லாம் நம் வீட்டுப் பண்டங்களே. களிக்கு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் அளவாகப் போதும். வயதுக்கு வந்த பெண்ணுக்கு இடுப்புக்கு பலம் என்று உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கும் ஊர், இடுப்பு உடைந்தவருக்கு அதைக் கொடுக்க மறந்துவிடுகிறது.

ரேஷன் கடையில் மானிய விலையில் துவரம்பருப்பு கிடைக்கிறது. ரேஷன் அரிசியில் கலந்து வரும் சத்தேற்றிய மணிகளை ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிகிறார்கள். எறிய வேண்டாம். இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாவிலேயே செய்த மணிகள் அவை. கழுவும்போது மிதந்தாலும் அரிசியே. கஞ்சி வடித்தால் அந்தச் சத்தில் கொஞ்சம் வடிநீரோடு போகும். அதனால் வடிகஞ்சியைக் கொட்டாமல் மோர் விட்டுக் குடிக்கக் கொடுங்கள், அல்லது பொங்கிப் போடுங்கள்.

பாரம்பரிய அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் மீட்டுக் கொடுத்த மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் இப்போது பல வீடுகளில் இருக்கின்றன. தவிடு நீங்காத அந்த அரிசியில் நார்ச்சத்து கூடுதல். மலச்சிக்கலுக்கு நல்லது, சர்க்கரையும் மெதுவாக ஏறும். ஆனால் அதுவும் அரிசிதான், கலோரி ஏறக்குறைய அதேதான். ‘கவுனி அரிசியாச்சே’ என்று குவித்துப் போட்டால் கணக்கு மறுபடி தவறும்.

60 கிலோ எடை, இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், படுக்கைப்புண் இருக்கிறது. அவருக்கு ஒரு நாள் இப்படி அமையலாம். 200 மில்லி டம்ளரில் ஒரு டம்ளர் அரிசி (இட்லி, சோறு எல்லாம் சேர்த்து நாள் முழுவதற்கும்). உளுந்து, பயறு, துவரை எல்லாம் சேர்த்து 75 கிராம். இரண்டு முட்டை. எலும்பு நீங்கலாக 100 கிராம் மீன். பாலும் தயிருமாக இரண்டு டம்ளர். நான்கு டீஸ்பூன் எண்ணெய். கீரையும் காயும் தட்டில் பாதி. இதில் ஏறத்தாழ 1,650 கலோரி, 75 கிராம் புரதம். புண் பெரிது என்றால் உடம்புக்குக் கலோரியும் கூடுதலாக, கிலோவுக்கு 30 முதல் 35 வரை வேண்டும். அப்போது ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம், இன்னொரு டம்ளர் பால் சேர்த்தால் 2,000 கலோரியையும் 90 கிராம் புரதத்தையும் தொட்டுவிடலாம். புண் ஆறியதும் இந்தக் கூடுதலை நிறுத்திவிட வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

மீன் என்றால் வஞ்சிரம்தான் என்று இல்லை. வாய்க்கால் கெண்டை, விரால், ஜிலேபி, நாகப்பட்டினத்திலிருந்து கூடையில் வரும் நெத்திலி, மத்தி எல்லாமே புரதத்தில் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. சைவக் குடும்பம் என்றால் முட்டைக்கும் மீனுக்கும் பதிலாக 40 கிராம் மீல் மேக்கரும் 50 கிராம் பொட்டுக்கடலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு இந்தப் புரதக் கணக்கு பொருந்தாது. இளநீர், வாழைப்பழம், கீரையில் உள்ள பொட்டாசியம்கூட அவர்களுக்கு ஆபத்தாகலாம். தண்டுவடம் அடிபட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வருடம் ஒரு முறையாவது ரத்தத்தில் கிரியேட்டினினும், சிறுநீரகத்துக்கு ஸ்கேனும் பார்த்துவிடுங்கள். தட்டை மாற்றும் முன் அந்த ரிப்போர்ட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தண்ணீரை ஒளித்து வைப்பவர்கள்

நோயாளி தண்ணீர் குடிக்க மறுத்தால் ‘தாகமில்லை’ என்பது பெரும்பாலும் உண்மைக் காரணம் இல்லை. டியூப் போட்டுச் சிறுநீர் எடுத்துவிட மனைவி வயலிலிருந்து வர வேண்டும். பை நிரம்பினால் மகளைக் கூப்பிட வேண்டும். அந்தக் கூச்சத்தில் செம்பைத் தள்ளி வைக்கிறார்கள். பெண் நோயாளிகளிடம் இது இன்னும் கடுமை. மருமகளுக்கு வேலை வைக்கக்கூடாது என்று சோற்றையும் குறைத்துக்கொள்ளும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். இதை அதட்டிச் சரிசெய்ய முடியாது. யார், எந்த மணிக்கு, என்ன செய்வார்கள் என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டால்தான் அவர்கள் குடிப்பார்கள்.

அளவு, சிறுநீர் எடுக்கும் முறையைப் பொறுத்தது. கதீட்டர் நிரந்தரமாக உள்ளே இருந்தால் நாளுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர். நேரத்துக்கு நேரம் டியூப் விட்டு எடுப்பவர்கள் என்றால் ஒன்றரை முதல் இரண்டு லிட்டரை நாள் முழுக்கப் பிரித்துக் கொடுங்கள். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்கும்போது 500 மில்லிக்கு மேல் வரக்கூடாது. வந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும், அல்லது ஒரே தடவையில் நிறையக் குடிப்பதை நிறுத்த வேண்டும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே குடிப்பதை முடித்துவிட்டால் இரவில் தொல்லை குறையும். நீராகாரம், மோர், ரசம், கஞ்சி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். கும்பகோணத்துக்காரர்களிடம் டிகிரி காபியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று இருக்கட்டும். அதற்கு மேல் போனால் சிலருக்குச் சிறுநீர்ப்பை துடித்துக் கசிவு வருகிறது.

அடிபட்ட முதல் ஒரு வருடத்துக்கு எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து கரைந்து சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும். கல் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். அதற்காகப் பாலை நிறுத்த வேண்டாம். ஆனால் எலும்பு முறிவு என்று சொல்லி மருத்துவர் எழுதாத கால்சியம் மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடவும் வேண்டாம். வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்கும் என்று நம்பி அதை மட்டும் குடித்துக்கொண்டு கிருமித் தொற்றைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். வாழைத்தண்டைப் பொரியலாகச் செய்து சாப்பிடுவதுதான் மேல். நார் கிடைக்கும். சிறுநீர் கலங்கி, நாற்றமடித்து, குளிரோடு காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மலம் போகும் நேரம்

சாப்பிட்டதும் குடல் தானே அசையும் ஒரு பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. தண்டுவடம் அடிபட்ட பிறகும் அது பெரும்பாலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். காலையில் வெந்நீரோ காபியோ குடித்து, இட்லி சாப்பிட்டு, அரை மணி நேரத்துக்குள் மலம் கழிக்கும் முயற்சியைத் தொடங்குங்கள். நாள் தவறாமல் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதே நேரம். காலையில் வீட்டில் எல்லோரும் நடவுக்கோ பள்ளிக்கோ ஓடுகிறார்கள் என்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நேரம் எதுவானாலும் மாறக்கூடாது.

நார்ச்சத்து நல்லது என்று கேள்விப்பட்டு ஒரே நாளில் கீரையும் கொய்யாவும் கவுனி அரிசியுமாகக் கொடுத்தால், அசைவு குறைந்த குடலில் அது அடைத்துக்கொள்ளும். நாளுக்கு 15 கிராம் நாரில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். ஒரு கிண்ணம் காய், ஒரு கிண்ணம் கீரை, ஒரு பழம், பருப்பு இருந்தாலே 15 கிராம் வந்துவிடும். தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு நாரைக் கூட்டவே கூடாது. முதுகின் கீழ்ப்பகுதியில் அடிபட்டு ஆசனவாய் தளர்ந்திருப்பவர்களுக்கு மலம் ரொம்ப இளகினால் தானே கசியும். அவர்களுக்குக் கொஞ்சம் கெட்டியாக இருப்பதே வசதி. நாட்டு மருந்துக்கடை நிலாவாரைப் பொடியைத் தினப்படி வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தடித்த எழுத்தில் வாசித்துக்கொள்ளுங்கள். நெஞ்சின் மேல்பாதியிலோ கழுத்திலோ (மருத்துவச் சீட்டில் T6 அல்லது அதற்கு மேல் என்று இருக்கும்) அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், நெற்றியில் வியர்வை வந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறுகிறது என்று பொருள். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள். இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். கதீட்டர் மடங்கியிருக்கிறதா, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா, மலம் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். தண்ணீரிலும் நாரிலும் நேரத்திலும் நாம் இவ்வளவு கவனம் காட்டுவது இந்தத் தலைவலி வராமல் இருக்கத்தான்.

வெயில், கொதிக்கும் கஞ்சி, எடை

மேல்மட்டத்தில் அடிபட்டவர்களுக்கு உணர்வில்லாத பகுதி வியர்க்காது. அக்னி நட்சத்திரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அவர்கள் உடம்பு சூளைபோல ஏறிவிடும். அந்த நாட்களில் மோரும் தண்ணீரும் கூடட்டும், அதற்கேற்பச் சிறுநீர் எடுக்கும் தடவையும் கூடட்டும். ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

கொதிக்கும் கஞ்சிக் கிண்ணத்தையும் காபி டம்ளரையும் ஒருபோதும் அவர் மடியில் வைக்காதீர்கள். தொடை வெந்து தோல் உரிந்த பிறகுதான் தெரியும். அவருக்குச் சுட்டதே தெரிந்திருக்காது. ஒரு பலகையை மடிக்குக் குறுக்கே போட்டு, விளிம்பு உள்ள தட்டில் வையுங்கள்.

எடையை மாதம் ஒரு முறை பாருங்கள். சக்கர நாற்காலியோடு ஏற்றக்கூடிய தராசு ஊரிலேயே இருக்கிறது. ரைஸ் மில்லிலோ நெல் வியாபாரியிடமோ மூட்டை போடும் மேடைத் தராசில் நாற்காலியோடு நிறுத்துப் பாருங்கள். பிறகு காலி நாற்காலியை நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். தசை குறைந்துவிட்டதால், அவர் உயரத்துக்கு வழக்கமாகச் சொல்லும் எடையிலிருந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர் 5 முதல் 10 சதவீதமும், நான்கும் செயலிழந்தவர் 10 முதல் 15 சதவீதமும் குறைவாக இருப்பதே சரியான எடை. பார்க்க ஒல்லியாகத் தெரிவார். உறவினர்கள் ‘சரியா கவனிக்கலையா?’ என்று கேட்பார்கள். கேட்கட்டும். எடை கூடினால் தூக்கி மாற்றுகிற உங்கள் முதுகுதான் முதலில் போகும். கையை ஊன்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளும் அவருடைய தோளும் தேயும். சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் இவர்களுக்கு அதிகம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021 ஆகஸ்டில் தொடங்கியது) வீட்டுக்கு வரும் செவிலியரிடம் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டிலேயே கிடைக்கிறது.

கரண்டியும் கையும்

1954-ல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயத்தில் 1966-ல் மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கினார். 1975-ல் கழுத்தில் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன், தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இப்படிப்பட்ட இடங்களில் சில வாரம் தங்கிப் பயிற்சி எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். அங்கே முதலில் சொல்லித்தருபவற்றில் ஒன்று தானே சாப்பிடுவது.

ஊட்டிவிடுவது வேகமாக முடியும். ஆனால் ஊட்டிவிடும்போது எவ்வளவு, எது முதலில், எப்போது போதும் என்று எதையும் அவர் தீர்மானிப்பதில்லை. விரல் மடங்காவிட்டாலும் மணிக்கட்டோ முழங்கையோ கொஞ்சம் அசைகிறவர் பயிற்சியால் தானே சாப்பிட முடியும். செருப்புத் தைப்பவரிடம் இரண்டு விரல் அகலத் தோல் பட்டை ஒன்று கேளுங்கள். உள்ளங்கையைச் சுற்றி வரும்படி வெல்க்ரோ ஒட்டி, உள்பக்கம் கரண்டிக் காம்பு நுழையும்படி ஒரு பை தைத்துத் தருவார். தோலில் சிவப்புத் தடம் விழுகிறதா என்று ஒவ்வொரு வேளையும் கழற்றிப் பாருங்கள். கரண்டிக் காம்பை வாய்ப்பக்கம் சற்று வளைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத் துணி. முதல் வாரங்களில் உதிரிச் சோறு வேண்டாம், கரண்டியில் நிற்காது. தயிர் விட்டுப் பிசைந்த சோறு, பருப்பு சேர்த்துக் குழைய வேகவைத்த பொங்கல், உளுந்தங்களி இவைதான் கரண்டியோடு ஒட்டிக்கொண்டு வாய்வரை வரும். முதல் நாள் பாதி சிந்தும். ஒரு துண்டை விரித்துவிட்டு, நீங்களும் உங்கள் தட்டைப் போட்டுக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.